பங்களிக்காத வீடு

வில்லிஸ்டன், வட டகோட்டா
பிப்ரவரி 11, 2018

ரெனாட்டா,

என் எண்ணை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். வைத்துக்கொள். தபால்காரரை உன்னால் தடுக்க முடியாது.

நேற்று அம்மாவோடு பேசினேன். பல்வலியைச் சொன்னாள், மூலைவீட்டு நாயைச் சொன்னாள், இந்த வருஷம் குளிரே வரவில்லை என்றாள். போனை வைக்கப்போகும் நேரத்தில், "உன் தங்கச்சி கார் ஷெட்டு ரூம் சுவர இடிக்கப் போறா. உன்கிட்ட சொன்னாளா?" என்றாள்.

"எந்தச் சுவரம்மா?"

"உங்கப்பா கட்டுன சுவருதான். வேற எந்தச் சுவர அவரு கட்டினாரு?"

கார் ஷெட்டைச் சுற்றி அடைத்து அந்த அறையைக் கட்டும்போது எனக்குப் பதினைந்து வயது. அப்பா விடியுமுன்னே ரொட்டி வண்டியை எடுத்துக்கொண்டு போய், மதியம் திரும்பி, சாப்பிட்டும் சாப்பிடாமலும் வெயிலில் இறங்கிக் கல் வைப்பார். ஒவ்வொரு ஹாலோ பிளாக்கையும் தூக்கிக் கொடுத்தது நான். அப்போது உனக்கு ஆறு வயது. நிழலில் உட்கார்ந்து ஐஸ் தின்றுகொண்டிருந்தாய். உனக்கு ஒரு அறை வேண்டும் என்பதற்காகத்தான் அவர் அதைக் கட்டினார். அதை இடிக்க உனக்கு எப்படிக் கை வருகிறது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே நான் வேலை செய்யும் எண்ணெய் வயல் கேம்ப்பை மூடுகிறார்கள். நோயெமிக்குப் பள்ளி விட்டதும், ஜூன் மாதம், அவளைக் கூட்டிக்கொண்டு டூசானுக்கே வந்துவிடுகிறேன். அவள் அம்மா மறுகல்யாணம் செய்துகொண்ட பிறகு குழந்தை முழுக்க என்னோடுதான். பத்து வயதாகிறது, அவளுக்கென்று ஓர் இடம் வேண்டும். கார் ஷெட் அறை அவளுக்கு. நான் முன்னறை சோபாவில் படுத்துக்கொள்வேன்.

அதுவரை அந்தச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காதே.

ராமிரோ


மிராசோல் குடியிருப்பு, டூசான்
பிப்ரவரி 20

அண்ணா,

உன் கடிதத்தை அம்மாதான் முதலில் பிரித்தாள். படித்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் ஒரே கையெழுத்து, ஒரே திமிரு" என்று சொல்லி, அதை பீன்ஸ் கொதிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். ஓரம் ஈரமாகிவிட்டது. படிக்க முடிந்தது, துரதிர்ஷ்டவசமாக.

உன் எண்ணை ஏன் தடுத்தேன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் அன்று, ஸ்பீக்கரில், சித்தப்பா குடும்பமே சோள மடலை உரித்துத் தமால் தின்றபடி கேட்டுக்கொண்டிருக்க, "ஓசி வீட்டுல உக்காந்து புத்தகம் படிக்கிறவளுக்கு என்ன தெரியும்?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நூலகத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து அம்மாவின் மருந்தை எடுத்து வைப்பவளும், கூரையில் ஏறிக் கூலரைக் கழுவுபவளும் அந்த ஓசிக்காரிதான்.

இனி சுவர். உனக்குத் தெரியாத விஷயங்களைச் சொல்கிறேன், பிறகு திட்டு.

நம் தெரு யெஸ்காஸ் மாமா வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவன் இந்த ஊர்க்காரனே இல்லை. செங்கல் முழுவதும் வெள்ளையடித்து, வாசலில் தொட்டியில் ஒரு கள்ளியை வைத்து, ஒரு நாள் இரண்டு நாள் என்று சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறான். அதற்குப் பிறகு எங்கள் எல்லோர் வீட்டுக்கும் மதிப்பு ஏறிவிட்டதாம். மதிப்பு ஏறினால் வரி ஏறும். "உங்கள் வீட்டை இருக்கிற நிலையிலேயே வாங்குகிறோம்" என்று வாரம் ஓர் அட்டை தபால்பெட்டியில் விழுகிறது. பேருந்து ஓட்டுகிறவனும் பள்ளியில் சமைக்கிறவளும் வீடு வாங்க முடிந்த தெரு இது. இன்னும் ஐந்து வருடத்தில் அவர்களால் இங்கே வாடகைக்குக்கூட இருக்க முடியாது.

அதனால்தான் இந்தக் குடியிருப்பைப் பழமை வாய்ந்த பகுதியாகப் பதிவு செய்யக் கேட்கிறோம். பதிவானால், கட்டியபோது இருந்த தோற்றத்தில் இருக்கிற வீடுகளுக்கு வரி ஏறக்குறைய பாதியாகும். வேலையைத் தொடங்கியது எதிர்வீட்டு லோரெய்ன். ஓய்வு பெற்று சியாட்டிலிலிருந்து வந்தவள், ஆரஞ்சு நிறக் கதவு. அவளுக்கு ஸ்பானிஷ் தெரியாது. அதனால் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிப் பேசியது நான்.

கணக்கெடுக்க ஓர் ஆள் வந்தார். தெருவில் நின்றபடியே பார்த்து எழுதிக்கொண்டு போனார். பாதிக்கு மேற்பட்ட வீடுகள் பழைய தோற்றத்தில் இருந்தால்தான் பதிவு. ஒரே ஒரு வீடு குறைகிறது. பட்டியலில் நம் வீட்டுக்கு நேரே அவர் எழுதியது இது: "பங்களிக்காத வீடு." தெருவின் பழைய தோற்றத்துக்கு எதுவும் சேர்க்கவில்லையாம். காரணம், கார் ஷெட் அடைக்கப்பட்டிருக்கிறது.

நானும் கொதித்தேன், அண்ணா. அப்பாவின் வாழ்நாள் முழுக்க இந்தத் தெருவுக்குப் பங்களிப்பு இல்லையாம். அம்மா என்னைவிடத் தெளிவாகச் சொன்னாள்: "இந்த வீட்டக் கட்டுன வருஷம் நம்மள மாதிரி ஸ்பானிஷ் பேசுறவங்கள வாசப்படி ஏற விட்டிருக்க மாட்டாங்க. இப்ப வீடு அந்த வருஷம் மாதிரியே இருக்கணுமாம். நாம மட்டும் எங்க போறது?"

ஆனால் கோபம் வரி கட்டாது. கார் ஷெட்டை அடைத்த இன்னொரு வீடு மொரோயோகி அம்மாவுடையது. அந்த அறையில் அவர் கணவர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். அவரைத் தூக்கி வெளியே போடச் சொல்கிறாயா? நம் அறையில் இருப்பது துணி துவைக்கும் இயந்திரமும் அப்பாவின் பழைய டயர்களும். திறக்கக்கூடிய வீடு நம்முடையதுதான்.

"உனக்காகக் கட்டினார்" என்று எழுதியிருக்கிறாய். அந்த அறையில் பன்னிரண்டு கோடைக்காலம் படுத்தது நான். நீ ஒரு மதியம்கூடத் தூங்கியதில்லை. கூலர் காற்று அங்கே வராது. மேற்குச் சுவர், நிழல் கிடையாது. எத்தனையோ நாள் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு குளியல் தொட்டிக்குள் படுத்திருக்கிறேன். அந்தச் சுவர் விழுந்தால் நான் அழமாட்டேன்.

ரெனாட்டா


வில்லிஸ்டன்
மார்ச் 2

ரெனாட்டா,

நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். நான்கு பக்கத்திலும் அந்த லோரெய்ன்தான் பேசுகிறாள்.

தெரியாமல்தான் கேட்கிறேன். நாற்பது வருஷமாக இந்தத் தெருவில் யார் இருந்தார்கள்? குழாய் உடைந்தபோது குழி வெட்டியது யார்? யெஸ்காஸ் மாமாவின் கூரை ஒழுகியபோது தார் பூசியது யார்? அப்போது இந்த அம்மா சியாட்டிலில் மழை பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது வந்து, நம் வீடு அவள் ஆல்பத்துக்குப் பொருந்தவில்லை என்கிறாள். நீ அவளுக்கு மொழிபெயர்த்துக்கொண்டு பின்னாலேயே போகிறாய்.

வெயிலாம். யார் வீட்டில் வெயில் இல்லை? டூசானில் பிறந்துவிட்டு வெயிலைக் குறை சொல்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன். இங்கே வந்து ஜனவரி மாதம் குழாய்க்கு வெல்டிங் வைத்துப் பார். குளிரில் கண்ணிமை ஒட்டிக்கொள்ளும்.

வீடு அம்மா பெயரில் இருக்கிறது. அவள் "உன் அண்ணனக் கேளு" என்று உன்னிடம் சொன்னதாகச் சொன்னாள். நீ கேட்டாயா? அறிவித்தாய். கேட்பதற்கும் அறிவிப்பதற்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு என்ன புத்தகம் படிக்கிறாய்?

அந்தச் சுவர் எப்படி நிற்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவர் இல்லை. தொட நினைத்தால் முதலில் என்னைக் கேட்க வேண்டியிருக்கும். கேள். அப்போது பார்க்கலாம்.

ராமிரோ


டூசான்
மார்ச் 19

ராமிரோ,

அண்ணா என்று எழுத இன்று மனம் வரவில்லை.

நான் கேட்கவில்லை. உண்மைதான். "கேள், அப்போது பார்க்கலாம்" என்று எழுதினால் எவள் கேட்பாள்?

சனிக்கிழமை காலையில் தொடங்கினோம். பக்கத்து வீட்டுப் பையன்கள் சம்மட்டி கொண்டுவந்தார்கள். மொரோயோகி அம்மா டோர்டியா ரொட்டி சுட்டுத் துணியில் சுற்றி அனுப்பினார். லோரெய்ன் தொப்பியும் கையுறையுமாக வந்து, "இந்த ஷெட்டோட பழைய போட்டோ ஒண்ணு கெடைச்சிருக்கு, எவ்ளோ அழகு பாருங்க!" என்று எல்லோருக்கும் காட்டினாள். அம்மா எட்டிப் பார்த்து, "அழகுதான். காரு யாரோடது?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். கொஞ்ச நேரம் திருவிழா மாதிரிதான் இருந்தது.

முன்சுவரில் கதவுக்கு இடப்பக்கம் உடைத்தோம். மூன்று வரிசைக் கல் போனதும் மேலே ஒரு முனகல். மரம் முனகுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அம்மா சமையலறையிலிருந்தே கத்தினாள்: "வெளிய வாங்கடா! எல்லாரும் வெளிய வாங்க!" வந்தோம். கூரை ஒரு முழம் இறங்கி, மிச்சமிருந்த கல்லின் மேல் சாய்ந்து நின்றது. கடைசியாக வந்தது லோரெய்ன். உள்ளே இருந்த அம்மாவின் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு வந்தாள், பைத்தியக்காரி. வெளியே வந்து நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள். அவளைத் திட்டலாம் என்று இருந்தேன். திட்ட முடியவில்லை.

போட்டோவில் இருந்த இரண்டு இரும்புக் குழாய்த் தூண்களும் சுவருக்குள் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இல்லை. விட்டம் வெறும் ஹாலோ பிளாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. இத்தனை வருடமாக. நான் தூங்கிய தலைக்கு மேல்.

உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு, கெஞ்ச வைப்பதற்காக அடக்கி வைத்தாய். தினமும் அந்தக் கூரைக்குக் கீழே நின்று துணி துவைக்கிறவள் அம்மா.

பக்கத்து வீட்டுக்காரர்கள் மரம் கொண்டுவந்து முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். யார் சொன்னார்களோ, திங்கட்கிழமை நகராட்சி ஆள் வந்து கதவில் ஆரஞ்சுத் தாள் ஒட்டிவிட்டுப் போனான். அனுமதி இல்லாமல் கட்டியது, அனுமதி இல்லாமல் இடித்தது, இரண்டும் குற்றம். ஜூன் பாதிக்குள் சரி செய்யாவிட்டால் வீட்டையே காலி செய்ய வேண்டும். அம்மா அந்தத் தாளைப் படித்துவிட்டு, "பங்களிப்பு இல்லாத வீட்டுக்கு எதுக்குடி நோட்டீசு?" என்றாள்.

ரெனாட்டா


வில்லிஸ்டன்
மார்ச் 27

ரெனாட்டா,

தொடாதே என்று இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறை. அதைப் படிக்கத் தெரியாதவளா நீ? நூறு மொழியில் எழுதியிருக்க வேண்டுமா?

அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நினைத்து இரண்டு நாளாக வெல்டிங் கோணல் கோணலாக விழுகிறது. சூப்பர்வைசர் இன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார். இதற்கும் நீதான் காரணம். நானும்தான் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

தூண்களை வெட்டியது நான். கதவுச் சட்டம் நுழையவில்லை. அப்பா, "சுவரு தாங்கும், வெட்டுடா" என்றார். கடன் வாங்கிய கேஸ் கட்டரால் வெட்டினேன். வாழ்க்கையில் நான் வெட்டிய முதல் இரும்பு அது. கல்லுக்குள் கம்பி வைக்க வேண்டும், கான்கிரீட் நிரப்ப வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. ரொட்டி வண்டிக்காரருக்கும் பள்ளிக்கூடப் பையனுக்கும் யார் சொல்லித் தருவார்கள்?

இப்போது செய்ய வேண்டியது: முட்டு மரங்களின் அடியில் அகலமான பலகை போடுங்கள். அந்தத் தரை தெருப்பக்கம் வாட்டமாக இருக்கிறது, கார் ஷெட் தரை அப்படித்தான் போடுவார்கள், மழைத்தண்ணீர் ஓட. பலகை இல்லாவிட்டால் மரம் நழுவும். ஆப்பு வைத்து அடிக்கச் சொல். உள்ளே யாரும் போகக் கூடாது. நகராட்சிக்கு நானே போன் செய்து, உரிமம் உள்ள வெல்டர் வருகிறான் என்று சொல்லிவிட்டேன். ஜூன் முதல் வாரம் புதுத் தூண்களோடு வருகிறேன்.

தூண் நட்டதும் சுவரையும் எடுத்துக் கட்டுவேன், இந்த முறை சரியாக. உன் கமிட்டி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். நோயெமிக்கு அந்த அறை என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஊதா நிறம் அடிக்கச் சொல்கிறாள்.

ராமிரோ


டூசான்
ஏப்ரல் 8

அண்ணா,

பலகை போட்டாயிற்று. ஆப்பு அடித்தாயிற்று. கூரை அசையவில்லை. இதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. சொன்னதாக வைத்துக்கொள்.

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு நூலகத்தின் பின்பக்கம் போய் நின்றேன். கூரையும் வரியும் பதிவும் எனக்கு மறந்துபோயின. ஊதா நிறம் அடிப்பாயாம். அடித்து, பத்து வயதுப் பெண்ணை அதற்குள் போடுவாயாம்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பத்தொன்பது வயதில் நீ டகோட்டா போனாய். உள் அறை காலியானது. கூலர் காற்று நேராக விழுகிற அறை. எனக்கு அப்போது பத்து வயது, உன் மகளின் வயது. மே மாதம். "அப்பா, அண்ணன் ரூமுக்கு நான் போகட்டுமா?" என்று கேட்டேன். "அண்ணன் வருவான்மா. ரூம் ரூமாவே இருக்கட்டும்" என்றார். நீ வரவில்லை. எட்டு வருடம் அந்த அறையில் உன் எடை தூக்கும் பெஞ்சு படுத்திருந்தது. அதற்கு ஜில்லென்று காற்று வந்தது. நான் மேற்குச் சுவரோடு படுத்திருந்தேன், பதினெட்டு வயதில்தான் உள் அறைக்கு மாறினேன். வாட்டத்தில் கட்டில் உருளாமல் இருக்க மேட்டுப்பக்கத்து இரண்டு காலையும் அப்பா கொஞ்சம் அறுத்துவிட்டிருந்தார். துணி துவைக்கப் போகிறவர்கள் எல்லோரும் என் படுக்கையைத் தாண்டித்தான் போவார்கள், சித்தப்பா உட்பட. நான் உடை மாற்றுகிறேனா, அழுகிறேனா என்று யாரும் நின்று கேட்டதில்லை.

அப்பா கெட்டவர் இல்லை. என் மேல் உயிராக இருந்தார். பழைய ரொட்டி கட்டும் தாள்களில் எனக்குப் படம் வரைந்து தருவார். அதனால்தான் இவ்வளவு கோபம். கெட்டவராக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

நேற்று அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா, நீயாவது சொல்லியிருக்கலாமே? காலியா கெடந்த ரூம்தானே?"

துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "அப்ப எனக்கு அது தப்புன்னே தோணலடி. பொண்ணுதானே, எங்கயாவது படுத்துக்கும்னு நெனச்சேன்."

"இப்ப?"

"இப்ப என்ன கேக்குற? கூரையே எறங்கிருச்சு."

நீ வா. தூண் நடு. அம்மாவின் வீட்டைக் காப்பாற்று, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சுவரை எடுத்துக் கட்டுமுன் ஒரு காரியம் செய். அந்த அறையில் நீ படு. நவம்பரில் அல்ல, ஜூனில். ஒரு வாரம். அதற்குப் பிறகும் உன் மகளை அங்கே படுக்க வைக்க உனக்கு மனம் வந்தால், ஊதா பெயின்ட்டை நானே வாங்கித் தருகிறேன்.

ரெனாட்டா


டூசான், நம் வீடு, கார் ஷெட் அறை
ஜூன் 14

ரெனாட்டா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறவர்கள் இந்த ஊரில் நாம் இரண்டு பேர்தான் என்று அம்மா சொல்கிறாள். நான் வந்ததிலிருந்து "உப்பு எங்கே?" என்பதைத் தவிர நீ என்னோடு எதுவும் பேசவில்லை. அதனால் இதைப் பிரிட்ஜில் ஒட்டுகிறேன். அம்மா முதலில் படிப்பாள். படிக்கட்டும்.

தூண் இரண்டும் நட்டாகிவிட்டது. நகராட்சி ஆள் வந்து பார்த்து ஆரஞ்சுத் தாளைக் கிழித்துவிட்டான். இனிச் சுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூரை நிற்கும். அதனால் இப்போது எழுதப்போவதை எனக்கு வேறு வழியில்லாமல் எழுதியதாக எடுத்துக்கொள்ளாதே.

நீ சொன்னபடி படுத்தேன். சவால் விட்டால் விட்டுவிடுகிறவன் இல்லை. உடைந்த பக்கத்தில் பிளைவுட்டை அடித்து, மற்றதெல்லாம் பழையபடி. முதல் நாள் சாயங்காலம் சுவரில் முதுகைச் சாய்த்தேன். அடுப்புக்கல். இரண்டாம் நாள் மின்விசிறி வைத்தேன், அது அடுப்புக்கல்லின் காற்றை என் மேல் வாரி இறைத்தது. மூன்றாம் நாள் தரையில் தண்ணீர் ஊற்றினேன். அது வாட்டத்தில் ஓடி வாசலுக்குப் போய்விட்டது. எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது. எப்போதும் நீ சொன்னதே சரியாக இருக்க வேண்டுமா என்று. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. புதுச் சுவருக்கு நடுவில் தெர்மோகோல் வைக்கலாம், ஒரு ஏசி போடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நேற்று நோயெமியைக் கூப்பிட்டேன். வந்த நாளிலிருந்து அம்மாவின் அறையில் தரையில் படுக்கிறாள். "இங்க வாம்மா, கட்டில எங்க போடலாம் சொல்லு" என்றேன். உள்ளே வந்தாள். சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "பரவால்லப்பா, நான் எங்கயாவது படுத்துக்கறேன்" என்றாள்.

சிரித்துக்கொண்டே சொன்னாள், ரெனாட்டா. என்னைச் சங்கடப்படுத்தக் கூடாதே என்று. அதை யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது? நானும் சொல்லவில்லை, அவள் அம்மாவும் சொல்லவில்லை.

சம்மட்டியை எடுத்தேன். சாயங்காலத்துக்குள் முன்சுவர் முழுக்க இறங்கிவிட்டது. நீ நூலகத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாயே, அப்போது என் கையெல்லாம் ரத்தம். கேட்டிருக்கலாம்.

இதை உனக்காகச் செய்யவில்லை. லோரெய்னுக்காகச் சத்தியமாகச் செய்யவில்லை. சத்தம் கேட்டு அந்த அம்மா நிற அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "தூணுக்கு இந்த வெள்ளைதான், ஒரிஜினல்" என்றாள். "ஒரிஜினல் தூண வெட்டுனதே நான்தான்மா. எங்கம்மா நீலம்னு சொன்னாங்க, நீலம்தான் அடிப்பேன்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பெயின்ட்டுக்கு விதி இல்லை என்றாள். பிரஷ் எடுத்துக்கொண்டு வந்து இரண்டாவது தூணை அவளே அடித்தாள். நன்றாகவே அடித்தாள்.

மேற்குச் சுவரை நாளை இடிக்கிறேன். அதன் பிறகு இந்த வீட்டில் இருப்பது இரண்டே படுக்கையறை. ஒன்று அம்மாவுடையது. இன்னொன்றில் நீ இருக்கிறாய். நானும் நோயெமியும் எங்கே படுப்பது என்று நீயே சொல். நான் கேட்கிறேன், கவனி. அறிவிக்கவில்லை.

ராமிரோ


டூசான், நம் வீடு, முன்னறை
ஜூன் 17

அண்ணா,

உன் கையைப் பார்த்தேன். கேட்டால் அழுதுவிடுவேன் என்றுதான் உள்ளே போனேன். மருந்து குளியலறை அலமாரியில், மேல்தட்டில் இருக்கிறது.

உள் அறையைக் காலி செய்துவிட்டேன். புத்தகங்கள் முன்னறைக்கு வந்துவிட்டன. நீ சோபாவில் படுத்துக்கொள், நான் மடக்குக் கட்டிலில் ஜன்னலோரம் படுத்துக்கொள்கிறேன். கூலர் ஓடும்போது ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைக்க வேண்டும் என்பது வடக்கே போய் உனக்கு மறந்துவிட்டது, நீ வந்ததிலிருந்து சாத்திச் சாத்தி வைக்கிறாய். வீடே புழுங்குகிறது. இதைக் கடிதத்தில் எழுதுவதற்குப் பதிலாகச் சொல்லியே இருக்கலாம். இனிச் சொல்லியாக வேண்டும், உன் குறட்டைக்கு மூன்றடி தள்ளிப் படுத்துக்கொண்டு எத்தனை நாள் எழுத முடியும்?

உனக்கு விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்துவிடாதே. உன் மேல் இருக்கிற கோபம் குறையவில்லை. அப்பா மேல் இருப்பது அதைவிடப் பெரியது. அவரிடம் இனிப் போய்ச் சண்டை போடவும் முடியாது. தெருவின் பதிவைப் பற்றி லோரெய்ன் கேட்டாள். கணக்கெடுக்கும் ஆளை மறுபடியும் அனுப்பச் சொல்லியிருக்கிறோம், இந்த முறை நீலத் தூணைப் பார்த்துவிட்டு என்ன எழுதுவாரோ எழுதட்டும். அம்மா இரண்டு தூணுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "வரட்டும், தெருவுலயே நிக்காம உள்ள வந்து பாருன்னு சொல்றேன்" என்கிறாள்.

நோயெமிக்கு இன்னும் எதுவும் சொல்லாமல், காலையில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் உள் அறைக் கட்டிலில் வைத்தேன். வாசலிலேயே நின்றாள்.

"இது உங்க ரூமாச்சே, அத்தை?"

"இனிமே உன்னோடது."

"எத்தன நாளைக்கு?"

"நாள் கணக்கெல்லாம் இல்ல."

நம்பவில்லை. கூலர் காற்று விழுகிற இடத்தில் போய் நின்று தலையைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சுற்றிப் பார்த்தாள். என் அலமாரி ஒன்று இன்னும் அங்கே இருந்தது. அதில் உள்ளதை எடுத்துக்கொண்டிருந்தபோது, மெதுவாக, மிகவும் மரியாதையாக, என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

என் மாற்றுத்துணி முழுவதும் உள்ளே. வேலைக்குப் போக நேரமாகிவிட்டது. கதவைத் தள்ளினேன்.

"அத்தை, தட்டிட்டு வாங்க" என்றாள் உள்ளேயிருந்து.

அப்படியே நின்றேன். எனக்குக் கோபம்கூட வந்தது, இத்தனை சுலபமாகக் கேட்டுவிட்டாளே என்று. அவள் வயதில் எனக்கு ஏன் இந்த ஒரு வார்த்தை வரவில்லை?

பிறகு தட்டினேன். யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் திறந்தாள்.

ரெனாட்டா